விட்டுப்போன முறை

ஞாயிறு விடியற்காலம் இரண்டு மணி என்று
குறித்து வைத்தது நான்தான்.
நீடாமங்கலம் கேட் அடைத்துத் திறந்து
கடைசி லாரியும் போன பிறகு
கம்ப்யூட்டர் தன்னைத் தானே துழாவிப் பார்க்கட்டும் என்று.
நாலு உரக்கடை, ஒரு நெல் ஏஜென்சி,
அத்தனை பேர் வரிக்கணக்கும் அதன் வயிற்றில்.

மூலையில் பச்சைக் கேடயம் மஞ்சளாகி ஏழு வாரம்.
கடைசி ஸ்கேன் ஜூலை இருபத்தெட்டு என்கிறது.
பெருக்குக்கு முந்தின ஞாயிறு.

முதலில் கடிகாரத்தைச் சந்தேகித்தேன்.
மதர்போர்டில் பொத்தான் பேட்டரி செத்தால்
காலம் பின்னால் நடக்குமாம்.
செல்போனோடு வைத்துப் பார்த்தேன், நொடி பிசகவில்லை.
வைரஸ் பட்டியல்? நேற்றுத்தான் புதுசாக வாங்கியிருக்கிறது.
தஞ்சாவூர்க் கடைக்காரன் ஓசியில் ஏற்றிவிட்ட பழைய ஆன்ட்டிவைரஸ்
குத்தகை முடிந்தும் வயலை விடாதவன் மாதிரி
உள்ளேயே கிடந்தது.
அதைக் கிளப்பவே ஒரு பகல் போனது.
அடுத்த ஞாயிறும் ஓடவில்லை.

அட்டவணைக்குள் இறங்கினால்
ஒரு கல்யாணப் பேச்சுக்கு உண்டான நிபந்தனைகள்.
பேட்டரியில் இருந்தால் வேண்டாம்.
யாராவது வேலை பார்த்தால் வேண்டாம்.
ஒவ்வொன்றாக டிக்கை எடுத்தேன்.
எல்லாவற்றுக்கும் அடியில் ஒற்றை வரி:
‘குறித்த நேரத்தில் கணினி இயங்கவில்லை.’

இயங்கவில்லையா?
அணைக்காமல்தானே படுக்கிறேன்.
காலையில் அணைந்து கிடந்ததையெல்லாம்
கரண்ட் போயிருக்கும் என்று நானே
தீர்ப்பு எழுதியிருந்தேன்.

எட்டாவது சனிக்கிழமை முழித்திருந்தேன்,
விளக்கைப் போடாமல், கொசுவோடு.
ஒன்றரைக்கு செங்குட்டுவன் வண்டி வந்து நின்றது.
என் வீட்டுக்காரர். மூணாறு தலைப்பில் லஸ்கர்.
ஆறு நாள் திறப்பு, ஆறு நாள் அடைப்பு என்ற கணக்கு போய்
இந்த வருசம் சனிக்கிழமை தோறும் முறை மாற்றுகிறார்கள்.
கிரீஸ் கையைத் தவிட்டில் தேய்த்துக் கழுவினார்.
சொம்புத் தண்ணீரை நின்றபடி குடித்தார்.
பிறகு இருட்டிலேயே ஒரு சுற்று:
கேஸ் குமிழ், கொல்லைத் தாழ்ப்பாள், மோட்டார் சுவிட்ச்,
கடைசியாக என் மேசைக்குக் கீழே குனிந்து
டக்.
யுபிஎஸ் கத்த வாயெடுத்தது. அதையும் அமுக்கினார்.

“நீங்களா?”
திருடன் மாதிரி திடுக்கிட்டார்.
“திறந்து கிடந்துச்சு. அடைச்சுட்டுப் படுக்கலாம்னு.”

ஏழு வாரம்.
சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது,
சிரிப்புக்குத்தான் முதல் முறை கொடுத்தேன்.

மறுபடி போட்டு, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து
அந்தக் கட்டத்தைக் காட்டினேன்:
‘தவறிய முறையை, முடிந்தவரை சீக்கிரம் ஓட்டவும்.’
கண்ணைச் சுருக்கி இரண்டு தடவை படித்தார்.
“இப்படி ஒண்ணு இருக்கா இதுல?”

அவருடைய ரிஜிஸ்டர் எனக்குத் தெரியும்,
மழை நாளில் நான்தான் பிரதி எடுத்துக் கொடுப்பேன்.
தேதி, மணி, எத்தனை அடி உயர்த்தியது, கையெழுத்து.
விட்டுப்போனவனுக்கு அதில் பத்தி கிடையாது.

டிக் அடித்தேன்.
விசிறி உறுமிக்கொண்டு வேலை தொடங்கியது.
பதினெட்டாயிரம் கோப்பில் ஒன்று சிவப்பாக விழுந்தது,
உரக்கடை முருகையன் பென்டிரைவில் வந்தது,
‘ஸ்டாக் புதியது’ என்று நல்ல பேர் வைத்துக்கொண்டு.
தனியே அடைத்துவிட்டேன்.

முப்பத்தோரு சதவீதத்தில்
அவர் செல்போன் மேசைமேல் நகர்ந்தது.
இந்நேரத்தில் யார்?
ஜாம்புவானோடை தாஜுதீன். கடைமடை.
பதினோரு நாளாகத் தண்ணீர் எட்டிப் பார்க்கவில்லையாம்,
நாற்று மஞ்சளாகிவிட்டதாம்.

போனோடு கொல்லைப் பக்கம் போனார்.
“வந்துடும்ங்க… மேல சொல்லியிருக்கு…
இல்லங்க, போன முறையோட சேர்த்து விட முடியாது…”

ஐம்பத்தாறு வரைக்கும் பார்த்தேன்.
கீபோர்டு மேலேயே தூங்கிவிட்டேன் போலிருக்கிறது.
காலையில் என் கன்னத்தில் எழுத்துக் கட்டங்கள்.
கேடயம் பச்சை.
கொல்லைக் கதவு மட்டும்
தாழ் போடாமல் கிடந்தது.